ஐஸ் கட்டியும் மலேசியா வாசுதேவனும்

கோடைக்காலத்தைப் பற்றி இனிக்க இனிக்கப் பாட்டுப் போட வேண்டுமானால் முதலில் ஏழாயிரம் அடி மேலே ஏறிவிட வேண்டும். 1981-ல் 'பன்னீர் புஷ்பங்கள்' எடுத்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஊட்டி, பள்ளிக்கூடம் போகும் வயசில் ஒரு பையன், ஒரு பெண், அவர்கள் பக்கம் நிற்கும் வாத்தியாராகப் பிரதாப் போத்தன். இளையராஜா மெட்டுப் போட, தம்பி கங்கை அமரன் எழுத, 'கோடைக் காலக் காற்றே' பாட்டை மலேசியா வாசுதேவன் பாடினார். காற்றைக் கூப்பிடும் பாட்டு. ஊட்டியில் கூப்பிட்டதால் ஜில்லென்று வந்தது. வேலூரில் நின்று கூப்பிட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கோடைக்காற்று காலை பதினொரு மணி வாக்கில் பாலாற்று மணலிலிருந்து கிளம்பும். வழியில் இருக்கிற பாறை மலைகளையெல்லாம் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, சூடேறித் தெருவுக்குள் வரும். அப்போது வாசல் கதவைத் திறந்தவன் யாராக இருந்தாலும் அவனுக்குத் திட்டு விழும். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தெருவில் யாரும் காற்றைக் கூப்பிட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஈரத்துண்டைத் தரையில் போட்டு, அதன் மேல் படுத்துக்கொள்வோம்.

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் பழைய நக்கல் ஒன்று உண்டு. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார். கோயில் இருக்கும், சாமி இருக்க மாட்டார். ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது என்று நீண்டுகொண்டே போகும். அதில் ஊர்ப் பெண்களின் அழகைப் பற்றியும் ஒன்று வரும். அதைக் கட்டிவிட்டவனுக்கு வேலூரில் யாரும் பெண் கொடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். 1981 மார்ச்சில் இந்தப் பட்டியலில் ஒன்று அடிபட்டது. பல நூறு வருஷமாக மூலவர் இல்லாமல் கிடந்த கோட்டைக் கோயிலுக்குள், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜலகண்டேஸ்வரர் வந்தாயிற்று, இனிமேல் பாலாற்றில் தண்ணீரும் வந்துவிடும் என்று அம்மா உறுதியாக நம்பினாள். தண்ணீர் வரவில்லை. மே மாதம் மூலை வீட்டுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

மூலை வீட்டு ஆயாவின் பேத்தி. பத்தாவது எழுதிவிட்டு லீவுக்கு வந்திருந்தாள். மே மாதத்தில் பெங்களூரை விட்டு வேலூருக்கு வருகிறவர்களுக்கு ஒன்று புத்தி சரியில்லாமல் இருக்க வேண்டும், அல்லது பாட்டி மேல் அளவுகடந்த பாசம் இருக்க வேண்டும். அவள் விஷயத்தில் இரண்டுமில்லை. அம்மா அப்பாவோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்ததில் பெண்ணும் கூட வந்திருக்கிறாள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. தெருவுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

ஆயா வீட்டில்தான் எங்கள் தெருவின் ஒரே ஃப்ரிஜ் இருந்தது. மகன் துபாயில். கூடத்தில், சாமி படங்களுக்கு எதிர்ச் சுவரில், பூப்போட்ட பிளாஸ்டிக் உறையும் மேலே ஒரு பொம்மையுமாக அது நின்றுகொண்டிருக்கும். யார் வீட்டுக்காவது விருந்தாளி வந்தால் ஒரு பையன் சொம்போடு ஆயா வீட்டுக்கு ஓடுவான். நன்னாரி சர்பத்துக்கு ஐஸ் வேண்டும். ஆயா முகம் சுளிக்காமல் கொடுப்பார். ஆனால் யார் வீட்டுக்கு எத்தனை முறை போனது என்ற கணக்கு அவரிடம் இருக்கும்.

பேத்தி வந்த பிறகு ஐஸ் எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். திருப்பத்தூர் மாமா, ஆரணி சித்தப்பா, அப்பாவோடு வேலை பார்ப்பவர், அவருடைய மச்சினர். இத்தனை பேர் எங்கள் வீட்டு வாசல்படி ஏறியதே கிடையாது. ஆயாவிடம் நான் சொன்னபடி ஏறினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஐஸ் பழக்கமும் கிடையாது. வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணீர்தான். வெயிலில் ஐஸ் தண்ணீர் குடித்தால் மார்ச்சளி கட்டும் என்பது அப்பாவின் கொள்கை. நான் வாங்கி வந்த ஐஸ் தோட்டத்துக் கனகாம்பரத்துக்குப் போயிற்று. அந்தக் கோடையில் வட ஆற்காடு மாவட்டத்திலேயே குளிர்ச்சியாக இருந்த ஜீவன் அதுதான்.

இன்றைக்குக் கதவிலேயே ஐஸ் கொட்டும் ஃப்ரிஜ் வைத்திருப்பவர்களுக்கு, அன்று ஐஸ் எடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று சொன்னால்தான் தெரியும். என் காதலே அந்த நேரத்துக்குள் நடந்த சங்கதி. மேல் அறையைத் திறந்தால் உள்ளே ஒரு விரற்கடைக்குப் பனி மூடியிருக்கும். அதில் அலுமினிய ட்ரே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று நிற்கும். அவள் ஒரு கரண்டிக் காம்பை விட்டு நெம்புவாள். வந்ததும் ட்ரேயைக் கவிழ்த்துக் குழாயடியில் ஒரு நிமிஷம் காட்டுவாள். ட்ரேயின் நடுவில் ஒரு நெம்பு கைப்பிடி இருக்கும். அதைத் தூக்கி இழுத்தால் உள்ளே தடுப்புகள் சாய்ந்து, மடமடவென்று கட்டிகள் உடையும். பாதி முழுசாக வரும், பாதி சில்லாக வரும். ஈரக் கையில் கட்டி ஒட்டிக்கொள்ளும்போது அவள் "ஸ்ஸ்" என்பாள். நான் சொம்பைப் பிடித்தபடி, ஆயா வீட்டுக் காலண்டரை முழுக் கவனத்தோடு படித்துக்கொண்டிருப்பேன். அந்த மாதத்து ராகுகாலம், எமகண்டம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பேச்சு? பேசினோம். "எவ்ளோ வேணும்?" என்பாள். "கொஞ்சம் போதும்" என்பேன். ஒரு நாள் அவளாகவே, "சொம்பு சின்னதா இருக்கே" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தை ராத்திரி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்தேன் என்று சொன்னால் தமிழாசிரியர்களே வெட்கப்படுவார்கள். மறுநாள் தூக்குவாளியோடு போனேன். அவள் சிரித்தாள். பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. நீ என்பதா, நீங்கள் என்பதா என்ற சிக்கலில் இரண்டு பேருமே எழுவாய் இல்லாத வாக்கியங்களாகப் பேசி மாதத்தை ஓட்டிவிட்டோம்.

ஜூன் பிறந்ததும் அவளுடைய அப்பா வந்து சமாதானம் பேசி அழைத்துப் போனார். அவர்கள் காட்பாடியில் ரயில் ஏறிய நேரத்தில் நான் பிளாட்பாரத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன் என்று எழுத ஆசைதான். நின்றது மாவு மிஷினில். கேழ்வரகு, கம்பு. எனக்கு முன்னால் நீளமான வரிசை.

இவ்வளவுதான் நடந்தது. கவனித்திருப்பீர்கள், இதுவரை பாட்டு வரவேயில்லை. படம் வெளியானதே ஜூலையில்தான். எங்கள் தெரு டீக்கடை ஸ்பீக்கருக்கு அந்தப் பாட்டு வந்து சேர்ந்தபோது அவள் பெங்களூரில் பி.யு.சி., நான் இங்கே பிளஸ் ஒன், ஃப்ரிஜ்ஜுக்குப் பழையபடி ஆயா. ஆனால் இன்றைக்கு அந்த மே மாதத்தை நினைத்தால் ட்ரே நெம்பும்போதே கிதார் ஆரம்பித்துவிடுகிறது. சொம்பை நீட்டும்போது வாசுதேவன் வந்துவிடுகிறார். சினிமாவில் ரீ-ரெக்கார்டிங் படப்பிடிப்பு முடிந்த பிறகுதானே நடக்கிறது, எனக்கும் அப்படித்தான்.

அந்த வருஷமே பெரியவர்களுக்குச் சோதனையான வருஷம். பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்துக் கார்த்திக்கையும் ராதாவையும் கடற்கரையில் விட்டார். இந்திப் பக்கம் பாலசந்தர் 'ஏக் தூஜே கே லியே' என்று கமலைக் கொண்டுபோனார். எங்கே பார்த்தாலும் மீசை முளைக்காத காதல். எங்கள் தெருப் பெரியவர்கள் கூடி, இனிமேல் பிள்ளைகளை எந்தப் படத்துக்கு அனுப்புவது என்று யோசித்தார்கள். பக்திப் படம் என்று முடிவாயிற்று. நான் டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் 'பன்னீர் புஷ்பங்கள்' போனேன்.

படம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. அந்தப் பையன் சுரேஷும் சாந்தி கிருஷ்ணாவும் போட்டிருந்த உடுப்பைப் பார்த்தே பாதிப் படம் போய்விட்டது. மே மாதத்தில் கம்பளி போட்டுக்கொண்டு ஒருவன் காதலிக்க முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி. நான் சட்டைப் பித்தானை மூன்று வரைக்கும் திறந்துவிட்டுக்கொண்டு காதலித்தவன். பாட்டுகள் மட்டும் விடாமல் கூட வந்தன. உமா ரமணனின் 'ஆனந்த ராகம்' அப்போதே எல்லோரையும் கட்டிப்போட்டது. சிம்மேந்திர மத்தியமம் என்று கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் மட்டும் வாசுதேவனோடு நின்றுவிட்டேன்.

வாசுதேவனைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் பிறந்து, சென்னைக்கு வந்து, '16 வயதினிலே' படத்தில் ஆட்டுக்குட்டிப் பாட்டால் ஊரெல்லாம் தெரிந்தவர். அன்றிலிருந்து திருவிழா, கும்மாளம், ரஜினி ஆட்டம் என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். பிறகு 'ஒரு கைதியின் டைரி'யில் வில்லனாகவும் பயமுறுத்தினார். அப்படிப்பட்ட கட்டைக் குரலை அடக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாட வைத்திருக்கிறார் இளையராஜா. தேனாகக் குழையும் குரல் பாடியிருந்தால் அது கதாநாயகன் பாட்டாகியிருக்கும். இது பேசத் தெரியாத பையனின் பாட்டு. எஸ்.பி. பாலுவின் ரசிகர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். நானும் பாலுவின் ரசிகன்தான். இந்தப் பாட்டைத் தவிர.

ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் கடை இருந்த காலம். தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து, அட்டையில் அழகான கையெழுத்தில் பட்டியலும் எழுதித் தருவார்கள். நான் கொடுத்த தாளில் ஒரே பாட்டு மூன்று இடத்தில் இருந்தது.

"இன்னாபா, இது மூணு வாட்டி வருதே?" என்றார் கடைக்காரர்.

"அப்படியே போடுங்கண்ணா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேப்பும் உன்னுது, தலையெழுத்தும் உன்னுது" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நாடா சிக்கிப் பென்சில் விட்டுச் சுற்றிய கதையை என் வயசுக்காரர்கள் எல்லோரும் எழுதிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். யாரும் எழுதாதது ஒன்று இருக்கிறது. நாங்கள் உருகியதெல்லாம் திருட்டுப் பதிவு. கடைக்காரருக்குக் காசு போயிற்று, இளையராஜாவுக்கு ஒரு பைசா போகவில்லை. இன்றைக்கு அவர் தன் பாட்டுக்கு உரிமை கேட்டு வழக்குப் போடுகிறார், 2017-ல் எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் போனது, உடனே நாமெல்லாம் "பாட்டு மக்களுக்குச் சொந்தம் இல்லையா" என்று பொங்கினோம். பொங்கியவர்களில் பெரும்பாலோர் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கேசட் வாங்கியவர்கள். எங்கள் தலைமுறையின் காதல் முழுவதும் ராயல்டி கட்டாத காதல்.

வானொலிக்கும் எழுதிப் போட்டேன். சென்னை விவித் பாரதியில் நேயர் விருப்பம் கேட்டு, பதினைந்து பைசா கார்டில். ஊர், தெரு, என் பெயர், கூடவே 'பெங்களூர் ரசிகை' என்று ஒரு சேர்க்கை. நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டுக்கு இருபது பெயர் வாசிப்பார்கள், அந்த இருபதில் ஒன்றாக ஒரு நாள் வந்தேவிட்டது. ரசிகையை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த நேரம் ஷேவ் செய்துகொண்டிருந்த அப்பா, சோப்பு நுரை முகத்தோடு திரும்பி, "கார்டுக்குக் காசு எது?" என்று மட்டும் கேட்டார். சென்னை விவித் பாரதி பெங்களூரில் எடுக்காது என்பதைப் பௌதிக வாத்தியாரிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இலங்கை வானொலிக்கு எழுதியிருக்கலாம். அதற்கு இன்னும் அதிகக் காசு.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம்.

2024 மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது கோடையில் ஊட்டியைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு. மலையே தாங்காத கூட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அந்த மாதம் ஏழாம் தேதியிலிருந்து இ-பாஸ் கொண்டுவந்திருந்தார்கள். வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கல் என்றெல்லாம் கேட்டது. மகள் போனிலேயே போட்டு முடித்துவிட்டாள். கோடைக்காலக் காற்றைச் சந்திக்க க்யூ.ஆர். கோடு தேவைப்படும் என்று கங்கை அமரனுக்குத் தோன்றியிருக்காது.

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள் முடிந்து, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கியும் நகரவில்லை. அந்த ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே வெயில் 29 டிகிரியைத் தொட்டிருந்தது. இதுவரை காணாத சூடு என்று பேப்பரில் போட்டார்கள். தங்கும் விடுதிக்குப் போன் செய்து "ரூம்ல ஃபேன் இருக்குதானே?" என்று என் மனைவி உறுதிப்படுத்திக்கொண்டிருந்தாள். ஊட்டிக்குப் போன் போட்டு ஃபேன் கேட்கும் காலம் வந்துவிட்டது. முன்னால் நின்ற டெம்போ டிராவலரிலிருந்து புகை. ஜன்னலை ஏற்றி, ஏ.சி.யைக் கூட்டினோம். இதுதான் சமயம் என்று நான் பாட்டைப் போடச் சொன்னேன்.

மகள் போட்டாள். கார் நகரவில்லை, பாட்டு முடிந்தது, மறுபடியும் போடச் சொன்னேன். இரண்டாவது முறை அவள் கவனித்துக் கேட்டாள் போலிருக்கிறது.

"அப்பா, இதுல பொண்ணே இல்லையே?"

"என்ன இல்லை?"

"காத்துங்கறாங்க, மேகங்கறாங்க, பூங்கறாங்க. யார் யாரை லவ் பண்றாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் சொன்னது உண்மை. இத்தனை வருஷம் கேட்டும் அதை யோசித்ததில்லை. காற்றைக் கூப்பிட்டு, மேகத்தை விசாரித்து, பூவிடம் சேதி கேட்கிற பாட்டு அது. பெண்ணுக்கு வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவைத்திருக்கிறார் அமரன். கேட்கிறவன் அவனவன் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்துக்கொள்ளலாம். நான் ஐஸ் ட்ரேயோடு ஒருத்தியை உட்காரவைத்திருந்தேன்.

"அது அந்தக் காலத்துப் பாட்டு" என்றேன். எந்தக் கேள்விக்கும் பொருந்தும் பதில்.

"ஐஸ்காரப் பொண்ணு ஞாபகம் வந்திருக்கும்" என்று முன்சீட்டிலிருந்து மனைவி சொன்னாள். கல்யாணமான புதிதில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் படித்துச் சொன்னதன் பலன்.

'பன்னீர் புஷ்பங்கள்' படத்துக்காரர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். பாரதி-வாசு என்று சேர்ந்து இயக்கிய இருவரும் ஸ்ரீதரிடம் வேலை கற்றவர்கள், பிறகு பிரிந்தார்கள். 1991-ல் சந்தான பாரதி 'குணா' எடுத்தார், அதே வருஷம் பி.வாசு 'சின்னத்தம்பி' எடுத்தார். ஒரே வகுப்பில் படித்த இரண்டு பிள்ளைகள் இவ்வளவு வேறு திசையில் போன உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 'குணா'வை அன்று கொண்டாடாதவர்களின் பிள்ளைகள், 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்துவிட்டுக் கொடைக்கானல் குணா குகைக்கு வரிசை கட்டினார்கள். என் மகளுக்குச் சந்தான பாரதியை நன்றாகத் தெரியும். அமித் ஷா மாதிரி இருப்பவர் என்ற வகையில். 2025-ல் ராணிப்பேட்டைப் பக்கம், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அமித் ஷாவை வரவேற்று ஒட்டிய சுவரொட்டியில் இவர் படமே இருந்து செய்தியானது. ஒரு தலைமுறைக்கே காதலிக்கக் கற்றுக்கொடுத்தவரை நாடு இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது. சாந்தி கிருஷ்ணா மலையாளத்தில் நிவின் பாலிக்கு அம்மாவாக வந்தார். வாசுதேவன் 2011-ல் போனார், பிரதாப் போத்தன் 2022-ல், உமா ரமணன் 2024-ல், நாங்கள் ஊட்டி போவதற்குச் சில நாள் முன்னால்.

போன வருஷம் வேலூரில் ஒரு அறுபதாம் கல்யாணம். என் வகுப்புத் தோழனுக்கு. அவன் வீடும் அதே தெருதான். சத்துவாச்சாரிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஏ.சி. மண்டபம், உள்ளே போனால் ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். மேடையில் மெல்லிசை என்று ஒரு தம்பி, லேப்டாப்பில் வாத்தியத்தை ஓடவிட்டு, மேலே பாடிக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக இருந்த தோழன் என்னைப் பார்த்ததும் கண்ணடித்து, அந்தத் தம்பி காதில் எதையோ சொல்லி அனுப்பினான். இந்தப் பாட்டு வந்தது. வந்த பிறகுதான் எதிர் வரிசையில் ஆயா வீட்டுப் பேத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் கணவர். அவளே எழுந்து வந்தாள். இனி 'அவள்' என்று எழுதக்கூடாது, எழுந்து வந்தார்.

"நீங்க ஐஸ் வாங்க வருவீங்களே, அவங்கதானே?"

ஆமாம் என்றேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெண்ணின் நினைவில் இருந்திருக்கிறேன் என்ற பெருமையில் மனைவி எங்கே என்று ஒரு கண்ணால் தேடினேன். கேட்கும் தூரத்தில்தான் இருந்தாள்.

"உங்க அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

"அப்பா தவறிட்டார்மா. 2009-ல."

"அச்சச்சோ. அப்பவே பாவம் ரொம்ப முடியாம இருந்தாரு இல்ல?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மே வெயிலில் ஒரு பையன் தினமும், சில நாள் இரண்டு வேளை, சொம்பு போய்த் தூக்குவாளியோடு வந்து ஐஸ் கேட்டால் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் தலைக்கு ஏறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? விருந்தாளிக் கதையை ஆயா ஒரு நாள்கூட நம்பவில்லையாம். "வியாதியை வெளிய சொல்ல வெக்கப்படறாங்க. கேக்காத, எவ்ளோ கேட்டாலும் குடுத்து அனுப்பு" என்று பேத்தியிடம் சொல்லி வைத்திருந்தாராம். கோட்டைச் சாமிக்கு என் அப்பா பேரில் ஒரு அர்ச்சனையும் செய்திருக்கிறார். நெற்றியில் ஈரத்துணிகூடப் படாமல், ஐஸ் தண்ணீர் ஒரு மடக்குக் குடிக்காமல், கல் மாதிரி இருந்த மனிதருக்கு.

"சொம்பு சின்னதா இருக்கேன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "பத்தலைன்னா கஷ்டமா இருக்குமேன்னு."

அந்த வாக்கியத்துக்கு நான் போட்ட உரைகளில் இந்த உரை இல்லை.

பேச்சை மாற்ற, "இந்தப் பாட்டு கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! எனக்கு உயிர்." அவர் முகம் மாறிவிட்டது. காலேஜ் இரண்டாம் வருஷமாம். லால்பாக்கில் பிக்னிக். சீனியர் ஒருத்தன் கிதாரில் இதை வாசிப்பானாம். பாட வராது, வாசிப்பு மட்டும்தான். "எப்பக் கேட்டாலும் அந்த மரத்தடிதான் ஞாபகம் வரும்" என்றார்.

பக்கத்தில் நின்ற கணவர் என் பக்கம் திரும்பி, "அது நான் இல்லை சார்" என்றார். நல்ல மனிதர். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். இலையில் உட்கார்ந்ததும் மனைவி என் பக்கம் சாய்ந்து, "மாமாவுக்கு என்ன காய்ச்சலாம்?" என்று கேட்டாள். எண்ணெய்க் கத்திரிக்காய் நன்றாக இருக்கிறது, சாப்பிடு என்றேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். பொய் சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது.

கிளம்பும்போது கணவர்கள் இரண்டு பேரும் நம்பர் மாற்றிக்கொண்டோம், மனைவிமார் இரண்டு பேரும் மாற்றிக்கொண்டார்கள். அப்படியே தெருக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழுவும் தோழனின் மகன் ஆரம்பித்துவிட்டான். அன்று ராத்திரியே குழுவில் ஆயா வீட்டுப் பேத்தியிடமிருந்து அந்தப் பாட்டின் வீடியோ வந்தது. மேலே சிவப்பு இதயங்களோடு, 'எஸ்.பி.பி. கோல்டன் ஹிட்ஸ்' என்று போட்டிருந்தது.

இதை எப்படி விட முடியும்? உட்கார்ந்து அடித்தேன். பாடியது எஸ்.பி.பி. அல்ல, மலேசியா வாசுதேவன். படம் 'பன்னீர் புஷ்பங்கள்', 1981, ஜூலை. எழுதியது கங்கை அமரன். அந்தக் குரலில் என்ன விசேஷம் என்றும் ஒரு பத்தி. கண்ணாடி போட்டுப் பிழை திருத்தி அனுப்பினேன். 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்குக் கீழே, ஆற்காட்டில் ஆரம்பித்திருக்கும் மூட்டுவலி முகாமின் விளம்பரத்தைத் தோழன் போட்டிருந்தான்.